முன்னோடிகளுக்கு நினைவேந்தல்: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்ஜிபிடி மக்களின் (தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர்) உரிமைக்காகப் பாடுபட்டவர்களுக்கும் சமூகச் சீர்திருத்தக்காரர்களுக்கும் தமிழில் ஒரு நினைவு நிகழ்ச்சி நடத்த நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. சட்டம் பற்றிய பதில்கள் பொதுத் தகவல்தான். பெரிய அளவில் நடத்துகிறவர்கள் முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

முதல்ல இது என்ன நிகழ்ச்சி? பேரணியா, பூஜையா, கூட்டமா?

மூன்றும் இல்லை. பத்திலிருந்து இருபது பேர் வரை ஒரு வீட்டுக் கூடத்திலோ சின்ன அலுவலகத்திலோ உட்கார்ந்து, மறைந்த இரண்டு மூன்று பேரின் படத்தை வைத்து, அவர்கள் செய்ததைச் சொல்லிக் கேட்பதுதான் நினைவேந்தல். ஒன்றரை மணி நேரம் போதும். படத்திறப்பு 10 நிமிடம், ஓர் ஆளுக்கு 12 நிமிடமாக மூன்று உரை, அவர்கள் எழுதியதிலோ பேசியதிலோ கொஞ்சம் வாசிப்பு, மீதி நேரம் கேள்வியும் பேச்சும். பிறகு சாப்பாடு. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 100 சொல் அளவு ஓடும். 12 நிமிட உரைக்கு 1,200 சொல்லுக்கு மேல் எழுதி வந்தால் நேரம் கையை மீறிவிடும்.

யாரைச் சேர்க்கிறது, யாரை விடுறது? பட்டியல் போட ஆரம்பிச்சா முடியவே மாட்டேங்குது.

ஓர் ஆண்டுக்கு மூன்று பேர் போதும். ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன செய்தார், எப்போது செய்தார், அதனால் யாருக்கு என்ன மாறியது. மூன்றுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுத முடியாவிட்டால் அவரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்துப் படியுங்கள். ‘துணிச்சலானவர்’, ‘வழிகாட்டி’ என்பவை பதில் ஆகாது.

பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சில உதாரணங்கள். கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ் 1867 ஆகஸ்ட் 29 அன்று மியூனிக் நகரில் ஜெர்மானியச் சட்ட வல்லுநர்கள் மாநாட்டில் எழுந்து, ஆண்களுக்கிடையேயான உறவைத் தண்டிக்கும் சட்டத்தை நீக்கச் சொன்னார். கூச்சல் போட்டு அவரை நிறுத்தினார்கள். மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு 1897இல் அதே கோரிக்கைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி, 1919இல் பெர்லினில் பாலியல் ஆய்வு நிலையத்தைத் திறந்தார். நாஜிகள் 1933 மே 6 அன்று அதைச் சூறையாடி, நான்கு நாள் கழித்து நூல்களைப் பொதுச் சதுக்கத்தில் எரித்தார்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் கமெனி 1957இல் அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார், 1965இல் வெள்ளை மாளிகை முன் பதாகை பிடித்தார். தன்பாலீர்ப்பை 1973இல் மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுக்க வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

ஆலன் டூரிங்கைப் பலர் கேட்கிறார்கள். அவருடைய தாயார் பிறந்தது நம் போத்தனூரில், தந்தை சென்னை மாகாணத்தில் அதிகாரி. ஆனால் டூரிங் இயக்கம் நடத்தியவர் இல்லை. 1952இல் தண்டிக்கப்பட்ட அறிவியலாளர், 1954இல் இறந்தவர். அவரை வைப்பதானால் அநீதிக்கு ஆளானவர் என்று வையுங்கள், போராளி என்று எழுதாதீர்கள்.

எல்லாம் வெள்ளைக்காரங்க பேரா இருக்கே. நம்ம ஆளுங்க யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். முதலில் வெள்ளைக்காரர் ஒருவரிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அவர் கதை தமிழ் வீட்டுக்குள் வந்து போகிறது. எட்வர்ட் கார்ப்பெண்டர் 1844இல் பிறந்த ஆங்கிலச் சோசலிசவாதி. கேம்பிரிட்ஜில் அவருக்கு நண்பரானவர் பொன்னம்பலம் அருணாசலம், பின்னாளில் 1919இல் இலங்கைத் தேசியக் காங்கிரசின் முதல் தலைவரான அதே தமிழர். அருணாசலத்தின் அழைப்பில் கார்ப்பெண்டர் 1890இல் இலங்கைக்குப் போய், ஒரு தமிழ் ஞானியிடம் வாரக்கணக்கில் பாடம் கேட்டார். ஊர் திரும்பிய பின் ஜார்ஜ் மெர்ரில் என்ற தொழிலாளியுடன் ஒரே வீட்டில் பல ஆண்டுகள் ஒளிவு மறைவில்லாமல் வாழ்ந்தார். தன்பாலீர்ப்பை நியாயப்படுத்தி 1890களிலேயே அச்சில் எழுதினார். ஆண்களோடு கொண்ட உறவுக்காக எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு சிறைக்குப் போன காலம் அது. அருணாசலம் 1924இல் மறைந்த பிறகு அவர் எழுதிய கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டவரும் கார்ப்பெண்டர்தான். தமிழ்க் கூட்டத்தில் முதல் படம் யாருடையது என்று கேட்டால் எங்கள் பதில் இவர்.

தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால், 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைத் தன் குழுவோடு கண்டறிந்த மருத்துவர் சுனிதி சாலமன் இருக்கிறார். நோயாளிகளைத் தொடக் கூசிய காலத்தில் அவர்களுக்கென்றே சிகிச்சை மையம் தொடங்கியவர், 2015இல் மறைந்தார். டெல்லியில் 1991இல் தன்பாலீர்ப்பாளர் நிலை பற்றிய முதல் குடிமக்கள் அறிக்கையை வெளியிட்ட குழுவில் முன்நின்ற இளம் வழக்கறிஞர் சித்தார்த்த கௌதம் மறுவருடமே புற்றுநோயில் இறந்தார். சமூகச் சீர்திருத்தப் பக்கத்தில் அயோத்திதாசர், முத்துலட்சுமி ரெட்டி, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் என்று வரிசை நீளம்.

மலாயாவுக்கு வந்தால் கோ. சாரங்கபாணி. 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கியவர், 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கி சாதி, மத வேறுபாட்டைத் தாண்டி ஆட்களை ஒரே மேடைக்குக் கொண்டுவந்தவர். அடுத்து ஐரின் பெர்னாண்டஸ். 1991இல் தெனகானித்தா என்ற பெண்கள், தொழிலாளர் உரிமை அமைப்பைத் தொடங்கினார், குடியேறித் தொழிலாளர் தடுப்பு முகாம்களில் நடந்ததை 1995இல் அறிக்கையாக வெளியிட்டார், அதற்காக 13 ஆண்டுகள் வழக்கை இழுத்துச் சுமந்தார், 2014இல் மறைந்தார். யார் பேசக் கூடாதவர்கள் என்று ஊர் நினைத்ததோ அவர்களுக்காகப் பேசியவர்.

பெரியாரும் இதை ஆதரிச்சார்னு போஸ்டர்ல போடலாமா?

வேண்டாம். பெரியார் 1929 டிசம்பரில் கப்பலில் பினாங்கு வந்து இறங்கி மலாயா முழுக்கப் பேசினார், 1954இல் மறுபடி வந்தார். பெண்ணின் சொத்துரிமை, மணமுறிவு உரிமை, கருத்தடை, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் ஆகியவற்றுக்காக எழுதியும் பேசியும் நின்றார். இதெல்லாம் ஆவணத்தில் இருக்கிறது. இன்றைய எல்ஜிபிடி கோரிக்கைகளை ஆதரித்தார் என்று எழுத, அவர் சொன்ன இடமும் தேதியும் கையில் இருக்க வேண்டும். இல்லாததை அவர் வாயில் போட்டால், கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து ‘எந்த இதழில்?’ என்று கேட்டதும் மற்ற இரண்டு உரைகளின் மதிப்பும் சேர்ந்து போய்விடும்.

எழுதக் கூடியது இது: ஒருவர் யாரை மணப்பது என்பதைச் சாதியும் சடங்கும் தீர்மானிக்கக் கூடாது என்று அவர் வாதாடினார். அந்த வாதத்தை இன்றைய தலைமுறை தன் வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்கிறது. முதல் வாக்கியம் வரலாறு, இரண்டாவது நம் நிலைப்பாடு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

நம்ம கலாச்சாரத்துல இது கிடையாதுன்னு அம்மா சொல்றாங்க. என்ன பதில் சொல்றது?

சண்டைக்கு நிற்காமல் இரண்டு விஷயம் சொல்லலாம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று பேடு. ஆண்மை திரிந்த பெண்கோலத்தில் காமன் ஆடியது அது. கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி கூத்தாண்டவர் திருவிழாவில் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பது நம் ஊர்த் திருவிழாவேதான். மனிதர்கள் எப்போதும் இருந்தார்கள் என்பதற்கு இவை போதும். அந்தக் காலத்தில் எல்லோரும் மரியாதையோடு நடத்தப்பட்டார்கள் என்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள். இலக்கியத்தில் ‘பேடி’ இழிசொல்லாகவும் வருகிறது, அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும்.

இரண்டாவது, சட்டத்தின் பிறப்பு. 1860இல் இந்தியாவுக்காக ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தில், தன்பாலுறவைத் தண்டிக்கப் பயன்பட்ட 377ஆவது பிரிவு வந்தது. அதைத் தழுவிய சட்டம் நீரிணைக் குடியேற்றங்களில், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில், 1872இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அந்தப் பிரிவின் பிடி 2018 செப்டம்பர் 6 அன்று தளர்ந்தது. இங்கே அதன் வாரிசு இன்னும் இருக்கிறது. அம்மா உடனே ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், சாப்பாட்டுக்கு மட்டும் வரச் சொல்லுங்கள்.

எந்தத் தேதியில வைக்கிறது?

ஒரே நாளில் இரண்டு நிகழ்வு விழும் தேதிகள் வசதி, இரண்டு உரைக்கும் காரணம் கிடைக்கும். ஜூன் 28: கார்ப்பெண்டர் 1929இல் மறைந்த நாள், 1969இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் சோதனையை எதிர்த்துக் கலவரம் வெடித்த நாளும் அதுதான். ஆகஸ்ட் 29: கார்ப்பெண்டர் பிறந்த நாள், மேலே சொன்ன உல்ரிக்ஸ் மியூனிக்கில் பேசிய நாள். ஏப்ரல் 15: தமிழ்நாடு 2008இல் இந்தியாவின் முதல் திருநங்கையர் நல வாரியத்தை அமைத்த நாள், 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே சொல்லும் உரிமையை ஏற்றதும் அதே தேதி. மே 14 ஹிர்ஷ்ஃபெல்டு பிறந்ததும், தன் 67ஆவது பிறந்த நாளில் நீஸ் நகரில் இறந்ததும். மே 17, 1990இல் உலகச் சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியதன் நினைவு.

ஏப்ரல் 15 சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள். ஊருக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள், அடுத்து வரும் ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 29 தேசிய தினத்தையொட்டி வருவதால் மண்டபங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும். எங்கள் பரிந்துரை ஜூன் கடைசி ஞாயிறு.

மலேசியாவுல இதை நடத்தினா போலீஸ் பிடிக்குமா?

இறந்துபோனவர்களின் வரலாற்றை வீட்டில் உட்கார்ந்து பேசுவது குற்றமில்லை. தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் பாலுறவுச் செயலைப் பற்றியவை, 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் சொல்பவை. வரலாற்று உரையை அவை தொடுவதில்லை. முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டங்கள் தனியாக உண்டு. ஆண், பெண் உடை பற்றிய பிரிவுகளும் அவற்றில் இருக்கின்றன. பினாங்கில் தமிழ் முஸ்லிம் நண்பர்கள் வரும்போது இதை மனதில் வையுங்கள், ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை.

பொது இடத்தில் கூடுவதானால் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டப்படி 5 நாள் முன்னதாகக் காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காததைக் குற்றமாக்கும் பிரிவை 2025 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனாலும் அறிவித்துவிடுவதே நல்லது. பெரிய விழாவாக விளம்பரம் செய்தால் நிலைமை வேறு. கோலாலம்பூரில் 2008 முதல் நடந்துவந்த ‘செக்சுவாலிட்டி மெர்டேக்கா’ விழாவை 2011 நவம்பரில் காவல்துறை தடை செய்தது. வானவில் நிறமும் கவனத்தை இழுக்கும். 2023 மே மாதம் உள்துறை அமைச்சு ஸ்வாட்ச் கடைகளிலிருந்து 172 கைக்கடிகாரங்களைப் பறித்தது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, ஆனால் அதற்குள் ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. நினைவேந்தலுக்கு வானவில் கட்டாயமில்லை, படமும் பெயரும் போதும்.

சந்தேகமானால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைக் கேளுங்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உண்டு.

கோயில் மண்டபம் கிடைக்குமா? புக்கிங் ஃபார்ம்ல என்ன எழுதுறது?

கோயில் மண்டபத்தைக் கேட்காதீர்கள். நிர்வாகத்தில் ஒருவர் சம்மதித்து இன்னொருவர் மறுத்தால், கடைசி நாளில் கதவு பூட்டியிருக்கும், நமக்குச் சம்மதித்தவருக்கும் சங்கடம். வீட்டுக் கூடம், தெரிந்த அமைப்பின் அலுவலகம், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கூட்ட அறை, இந்த வரிசையில் தேடுங்கள்.

படிவத்தில் பொய் எழுதக் கூடாது. ‘பிறந்தநாள் விருந்து’ என்று எழுதிவிட்டுப் படம் வைத்தால், யாராவது புகார் சொல்லும்போது அந்தப் பொய்தான் முதலில் மாட்டும், வைப்புத்தொகையும் போகும். ‘சமூகச் சீர்திருத்தக்காரர்கள் பற்றிய வரலாற்று உரை, 20 பேர், தனி அழைப்பு’ என்று எழுதுங்கள், அது முழு உண்மை. இடத்தின் பொறுப்பாளரிடம் யார் யார் பற்றிய உரை என்பதை நேரில் சொல்லிவிடுங்கள். அவர் தயங்கினால் வேறு இடம் பாருங்கள், வற்புறுத்தாதீர்கள்.

படத்திறப்பு, குத்துவிளக்கு, மாலை எல்லாம் வைக்கலாமா? முஸ்லிம், கிறிஸ்துவ நண்பர்களும் வருவாங்க.

படத்திறப்பு வையுங்கள். பகுத்தறிவுக் கூட்டங்களில் வளர்ந்த வழக்கம் அது, எந்த மதத்துக்காரருக்கும் தயக்கம் இருக்காது. படத்தின் மேல் வெள்ளைத் துணி, மூத்தவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் சேர்ந்து விலக்குவது, அந்த நேரத்தில் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, செய்த வேலை ஒரு வரி. விளக்கு வைப்பதானால் அதை ஏற்றவும் கும்பிடவும் யாரையும் பெயர் சொல்லி அழைக்காதீர்கள்.

விளக்கில் நடக்கும் கோளாறு பெரும்பாலும் இரண்டு. ஒன்று, கூட்ட அறையின் புகை உணரி அலறுவது. முன்கூட்டியே கேளுங்கள், அனுமதி இல்லையென்றால் பேட்டரி விளக்கு. இரண்டு, படத்துக்கு மிக அருகில் வைப்பது. நுரை அட்டையில் ஒட்டிய படம் சட்டென்று பற்றிக்கொள்ளும், மூன்று அடியாவது தள்ளி, மணல் பரப்பிய எவர்சில்வர் தாம்பாளத்தில் விளக்கை நிறுத்துங்கள். பெரிய ரோஜா மாலை ஈரத்தில் கனம் கூடி அட்டைப் படத்தைத் தாங்கியோடு கவிழ்த்துவிடும். இரண்டு முழம் மல்லிகைச் சரம் போதும், அல்லது படத்தின் கீழே தட்டில் உதிரிப்பூ. உதிரிப்பூதான் நல்லது, வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு கை பூ வைக்கலாம்.

படம் எங்க எடுக்கிறது? எவ்வளவு பெரிசா அடிக்கிறது?

கார்ப்பெண்டர், உல்ரிக்ஸ், ஹிர்ஷ்ஃபெல்டு காலத்துப் படங்களில் பெரும்பாலானவை பொது உரிமையில் இருக்கின்றன. விக்கிமீடியாவில் எடுத்தால் படத்துக்குக் கீழே உள்ள உரிம வரியைப் படியுங்கள். அண்மைக் காலத்தவர் படம் என்றால் எடுத்தவரிடமோ குடும்பத்திடமோ அனுமதி கேட்டு, பெயரைக் கீழே போடுங்கள்.

இருபது பேர் கூடும் அறைக்கு ஏ3 அளவு சரி, 297 க்கு 420 மில்லிமீட்டர். கோப்பின் நீளப் பக்கம் குறைந்தது 2,500 பிக்சல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முகம் கட்டம் கட்டமாக உடையும். கூடவே வைக்கும் குறிப்பு 120 சொல்லைத் தாண்டக் கூடாது, எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது. அச்சகத்துக்கு வேர்ட் கோப்பு அனுப்பாதீர்கள். அங்குள்ள கணினியில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி ‘கொ’ சிதறிவிடும், அச்சடிப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் கவனிக்கவும் மாட்டார். எழுத்துரு பதித்த பிடிஎஃப் அனுப்பி, ஒரு பிரதி கண்ணால் பார்த்த பிறகே மீதியை அடிக்கச் சொல்லுங்கள்.

துண்டறிக்கை அச்சடிக்கலாமா?

அச்சடிக்கலாம். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். ஆகவே பெயர் போடத் தயாரான ஒருவர் இல்லாமல் துண்டறிக்கை வேண்டாம். அறைக்குள் கொடுத்து முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் வாசிப்புத் தாளே பல குழுக்களுக்குப் போதுமானது.

ஆவணப்படம் ஒன்னு போட்டா நல்லா இருக்குமே?

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். தணிக்கை வாரிய அனுமதி இல்லாத படத்தைத் திரையிடுவது 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி குற்றம், கட்டணம் வாங்கவில்லை என்பது காப்பாற்றாது. இலங்கைப் போரின் கடைசி மாதங்கள் பற்றிய ஆவணப்படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக மனித உரிமை அமைப்பொன்றின் பணியாளர் வழக்கில் மாட்டினார். 2017இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 10,000 ரிங்கிட் அபராதம். நம்மில் பலர் அந்த வழக்கைத் தமிழர் பிரச்சினையாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே சட்டம் இங்கேயும் பொருந்தும். படத்துக்குப் பதில் வாசிப்பு வையுங்கள்.

ஸ்டோன்வால்ல முதல் கல்லை எறிஞ்சது மார்ஷா ஜான்சன்தானே?

அப்படித்தான் எங்கும் எழுதுகிறார்கள். ஆனால் நியூயார்க் போராளியான மார்ஷா பி. ஜான்சனே 1980களில் கொடுத்த பேட்டியில், தான் போய்ச் சேர்ந்தபோது கலவரம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அவரைச் சிறப்பிக்க இந்தக் கல் தேவையில்லை. சில்வியா ரிவேராவோடு சேர்ந்து 1970இல் தெருவில் கிடந்த இளம் திருநர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார். பாலியல் தொழிலில் தாங்கள் சம்பாதித்த காசில் வாடகை கட்டினார்கள். 12 நிமிட உரைக்கு இது தாராளம்.

ஸ்டோன்வாலிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்றும் சொல்லாதீர்கள். 1966இல் சான் பிரான்சிஸ்கோவில் காம்ப்டன் உணவகத்தில் திருநங்கைகள் போலீசை எதிர்த்தார்கள், கமெனியின் பதாகைப் போராட்டம் 1965.

அந்தக் காலத்து ஆளை ‘கே’ன்னு எழுதலாமா?

அவர் தன்னை எப்படிச் சொன்னாரோ அதை முதலில் எழுதுங்கள். சொல்லவில்லை என்றால் வாழ்ந்ததை எழுதுங்கள். கார்ப்பெண்டரைப் பற்றி ‘ஜார்ஜ் மெர்ரிலுடன் துணைவர்களாக வாழ்ந்தார்’ என்ற வரி எந்தப் பட்டத்தைவிடவும் தெளிவு. திருநர் ஒருவரின் பழைய பெயரையும் பழைய படத்தையும் போட வேண்டாம். மற்ற சொற்களுக்குத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட சொல் பட்டியல் கைகொடுக்கும், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் விளைவு அது. நம் ஊரில் புழங்கும் கேலிச் சொல் எதுவும், மேற்கோளாகக்கூட, குறிப்பு அட்டையில் வரக் கூடாது.

அவரைப் பத்தித் தேடினா கெட்ட விஷயமும் வருது. மறைச்சிடலாமா?

மறைக்காதீர்கள். ஹிர்ஷ்ஃபெல்டு தன் காலத்து இன மேம்பாட்டுக் கொள்கையில், அதாவது யார் பிள்ளை பெறலாம் என்பதைப் பரம்பரையை வைத்துத் தீர்மானிக்கும் யூஜெனிக்ஸில், நம்பிக்கை வைத்திருந்தார். கார்ப்பெண்டர் கீழை நாடுகளை அளவுக்கு மீறிக் கனவாகப் பார்த்தார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய முத்துலட்சுமி ரெட்டி அந்தப் பெண்களின் கலையையும் பிழைப்பையும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்ற விமர்சனம் இன்றும் உண்டு. 12 நிமிடத்தில் 2 நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். சொன்ன குறையைக் கேட்டவர்கள் மன்னிப்பார்கள், மறைத்ததைத் தாங்களே கண்டுபிடித்தால் அடுத்த ஆண்டு வர மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக, குறையே இல்லாததைக் குறையாகக் காட்டி ஒருவரை ஓரங்கட்டுவதும் நடந்திருக்கிறது. பேயார்ட் ரஸ்டின், அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்கான 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியை இரண்டு மாதத்துக்குள் கட்டி எழுப்பியவர். சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். ஒலிபெருக்கி, கழிப்பறை, தண்ணீர், 80,000 உணவுப் பொட்டலம் வரை திட்டமிட்டிருந்தார். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக அவரைப் பின்னால் நிறுத்தினார்கள், செனட் சபையில் பெயர் சொல்லித் தாக்கினார்கள். அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருது 2013இல், அவர் இறந்து 26 ஆண்டு கழித்துத்தான் வந்தது. நிகழ்ச்சி நடத்தும் வேலையில் இருக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய ஆள் இவர்.

உயிரோட இருக்கிறவங்களுக்கும் மரியாதை செய்யலாமா?

அவரே எழுத்தில் சம்மதித்தால் மட்டும். 2018 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து, தேசியக் கொடியோடு நின்ற எல்ஜிபிடி உரிமைப் போராளிகள் நிஷா ஆயுப், பாங் கீ தெய்க் இருவரின் படங்களும் அமைச்சர் ஒருவரின் உத்தரவால் அகற்றப்பட்டன. நிஷா 2016இல் அனைத்துலகத் துணிச்சல் மிக்க பெண்கள் விருது பெற்ற முதல் திருநங்கை. அவ்வளவு அறியப்பட்டவருக்கே இப்படி என்றால், அறியப்படாத ஒருவரின் படத்தை நாம் மாட்டிவிட்டால் மறுநாள் வேலையிடத்தில் அவர் நிலை என்னவாகும்? மறைந்தவர்களுக்குப் படம், இருப்பவர்களுக்கு நேரில் ஒரு நன்றி.

கொல்லப்பட்டவங்க பேரையும் வாசிக்கலாமா?

அதற்கு நவம்பர் 20 தனியாக இருக்கிறது, 1999 முதல் பல நாடுகளில் திருநர் நினைவு நாள். நம் நாட்டுக்காரர் ஒருவரின் பெயரை வாசிப்பதானால் குடும்பத்தைக் கேளுங்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் யார் செய்தார் என்று ஒரு சொல்கூடப் பேசாதீர்கள். குடும்பம் மறுத்தால் பெயரின்றி ஒரு நிமிட மௌனம். சாகடிக்கப்பட்டவரைப் போராளி வரிசையில் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் வாழ நினைத்த மனிதர், அந்த அளவில் துக்கம் கொண்டாடினால் போதும்.

ஃபேஸ்புக்ல போட்டோ போடலாமா?

படம், பூ, குறிப்பு அட்டை ஆகியவற்றைப் போடலாம், வந்தவர்களின் முகம் வேண்டாம். முதுகுப்புறம் எடுத்தாலும் வளையல், பச்சை குத்தியது, சட்டை ஆகியவற்றை வைத்து அத்தை மாமா கண்டுபிடித்துவிடுவார்கள். வாசலிலேயே சொல்லி, உரை நேரத்தில் கைப்பேசிகளை ஒரு கூடையில் வைக்கச் சொல்லுங்கள். ‘செக்-இன்’ போடுவதையும் தடுக்க வேண்டும். பதிவை மறுநாள் போடுங்கள், இடத்தின் பெயர் இல்லாமல். 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு இணையப் பதிவுகளுக்குப் பொருந்தும், ஆகவே பதிவில் யாரையும் திட்டாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பெயர்ப் பட்டியலை எக்செல் கோப்பாகச் சுற்றுக்கு விடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். வருகையை ஒருவர் மட்டும் தாளில் குறித்து, சாப்பாட்டுக் கணக்கு முடிந்ததும் கிழித்துவிடலாம்.

பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா?

18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கூடவே இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவர்களைப் பள்ளி வழியாக அழைக்காதீர்கள், ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஒரு வருசம் நல்லா நடந்துச்சு, அப்புறம் நின்னு போச்சு. தொடர்ந்து நடத்த என்ன வழி?

நின்றுபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், எல்லா வேலையும் ஒருவர் தலையில். மூன்று பேர் மூன்று வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: இடமும் சாப்பாடும், படமும் அச்சும், உரையும் சரிபார்ப்பும். சரிபார்ப்பவர் உரையாளராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு தேதியையும் பெயரையும் இரண்டு தனித்தனி நூல் அல்லது ஆவணத்தில் பார்த்த பின்தான் குறிப்பு அட்டை அச்சுக்குப் போக வேண்டும். பெரியார் பற்றிய பதிலில் சொன்ன சங்கடம் இதனால் தவிர்க்கப்படும்.

படங்களை அட்டைப் பெட்டியில் படுக்கை வாட்டில், இடையில் எண்ணெய்த் தாள் வைத்து அடுக்குங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் நிற்க வைத்த நுரை அட்டை சில மாதத்தில் வளைந்துவிடும். ஒவ்வோர் உரையையும் தட்டச்சு செய்து, யார் எழுதியது என்ற பெயரை மட்டும் நீக்கி, பிடிஎஃப் ஆக இரண்டு பேரிடம் வைத்திருங்கள். அடுத்த ஆண்டு மூன்று பெயரையும் இந்த ஆண்டு நிகழ்ச்சி முடிவதற்குள், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடப்பதில்லை.